ஆர்டிஎல்ஏ: தாமதம் எங்கிருந்து வருகிறது என்று பெயர் சொல்லும் கருவி

லினக்ஸ் கணினியில் ஒலிப்பதிவு செய்யும் யாராவது என்னிடம் ஆலோசனை கேட்டால், மைக் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஆர்டிஎல்ஏ பற்றித்தான் பேசுவேன். ‘ரியல் டைம் லினக்ஸ் அனலிசிஸ்’ என்பதன் சுருக்கம் அது. இலவசம். லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலின் மூலநிரலோடேயே வருகிறது. அழகான திரை எதுவும் கிடையாது, கறுப்புப் பின்னணியில் எண்கள் ஓடும், அவ்வளவுதான். ஆனால் ‘என் கணினி ஏன் பிந்துகிறது’ என்ற கேள்விக்கு ஊகம் சொல்லாமல் காரணத்தைப் பெயரோடு சொல்லும் வேறு கருவி என் கைக்கு இதுவரை வரவில்லை.

யாழ்ப்பாணத்து இணுவிலில் வீட்டோடு சேர்ந்த ஒரு சிறிய ஒலிப்பதிவு அறை வைத்திருக்கிறேன். வருவது பெரும்பாலும் நாதஸ்வரமும் தவிலும், இடையிடையே அரங்கேற்றத்துக்கான பாட்டுப் பதிவு. யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவிலையும் அளவெட்டி பத்மநாதனின் நாதஸ்வரத்தையும் கேட்டு வளர்ந்த சனம் இந்தப் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. அவர்களுடைய காதை ஏமாற்ற முடியாது. தவிலின் வலந்தலையில் கூடு மாட்டிய விரல்கள் விழும்போது ஒவ்வொரு அடியும் ஊசி முனைபோலக் கூர்மையாக இருக்கும். இரண்டு அடிகளுக்கு நடுவில் கணினி ஒரு ‘டிக்’ போட்டால் அது சத்தமாக மட்டும் நிற்காது, கணக்கையே குழப்பிவிடும்.

எனக்குச் சிக்கல் தொடங்கியது ஹெட்போனில். வாசிப்பவர் தன் அடியைக் கணினி வழியாகவே திரும்பக் கேட்கிறார். ஒலியைத் துண்டு துண்டாகச் சேர்த்துக் கொடுக்கும் பஃபரை நான் 512 மாதிரிகள் என்று வைத்திருந்தேன். செக்கனுக்கு 48,000 மாதிரிகள் என்ற கணக்கில் அது 10.7 மில்லிசெக்கன். உள்ளே வரவும் வெளியே போகவும் என்று சேர்த்தால் இருபதைத் தாண்டும். ஒரு மூத்த தவில்காரர் இரண்டு ஆவர்த்தனம் வாசித்துவிட்டு நிறுத்தினார். “பிள்ளை, என்ர அடி எனக்குப் பிந்திக் கேக்குது” என்றார். பக்கத்தில் இருந்த அவருடைய மாணவன், “அக்கா, ஐயாவுக்குக் கழட்டி விடுங்கோ, அவர் ஹெட்போன் இல்லாமலே வாசிப்பார்” என்றான். கழட்டிவிட்டால் நாதஸ்வரத்தின் பதிவை அவர் எப்படிக் கேட்பார்? பஃபரை 128 ஆகக் குறைத்தேன். இப்போது ஒரு சுற்று 2.67 மில்லிசெக்கன். ஐயாவுக்குத் திருப்தி. ஆனால் டிக் வரத் தொடங்கிவிட்டது. ஜாக், ஆர்டர் போன்ற ஒலி மென்பொருள்களில் எக்ஸ்ரன் என்று எண்ணிக்கை ஏறுமே, அதுதான். 2.67 மில்லிசெக்கனுக்குள் கணினி அடுத்த துண்டு ஒலியைக் கொடுத்து முடிக்கவில்லை என்று அர்த்தம்.

இந்த இடத்தில் எல்லோரும் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: புதிய கணினி வாங்கு. பலர் வாங்கியும் விட்டார்கள், டிக் போகவில்லை. வேகம் வேறு, நேரம் தவறாமை வேறு. சராசரியில் மிக வேகமான கணினிகூட எப்போதாவது ஒரு தடவை மூன்று மில்லிசெக்கன் வேறெங்கோ மாட்டிக்கொண்டால், அந்த ஒரு தடவையில் பதிவு கெட்டுவிடும். ஆகவே நமக்குத் தேவை சராசரி அல்ல, ஆக மோசமான அந்த ஒரு தடவை. அதைப் பிடித்து, ஏன் என்று கேட்க வேண்டும்.

ஆர்டிஎல்ஏயில் நான் அதிகம் பயன்படுத்துவது டைமர்லாட் என்ற பகுதி. அது ஒவ்வொரு சிபியுவிலும் ஒரு வேலையை உட்கார வைத்து, ஆயிரம் மைக்ரோசெக்கனுக்கு ஒரு தடவை எழும்பச் சொல்கிறது. எழும்ப வேண்டிய நேரத்துக்கும் உண்மையில் எழும்பிய நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டு இடங்களில் அளக்கிறது: சிபியுவை இடைமறித்துக் கூப்பிடும் டைமரின் இன்டரப்ட் வந்து சேர்ந்த கணம், அதன்பின் அந்த வேலை ஓடத் தொடங்கிய கணம். திரையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து நெடுவரிசைகளில் இருக்கும். இப்போதையது, மிகக் குறைந்தது, சராசரி, மிகக் கூடியது என்று நான்கு நான்கு எண்கள். முதலாவது இடத்தின் எண்ணே பெரிதாக இருந்தால் இன்டரப்ட் வந்து சேரவே பிந்தியிருக்கிறது; யாரோ இன்டரப்டை அடைத்து வைத்திருக்கிறார்கள், அல்லது வன்பொருள் பக்கத்தில் ஏதோ நடக்கிறது. முதலாவது சிறிதாகவும் இரண்டாவது பெரிதாகவும் இருந்தால் இன்டரப்ட் நேரத்துக்கு வந்திருக்கிறது, வேறு வேலை ஒன்று சிபியுவை விடாமல் பிடித்திருக்கிறது. இந்த ஒரு பிரிப்பே பாதி விடையைத் தந்துவிடும்.

மீதிப் பாதியை ‘ஆட்டோ’ என்ற தெரிவு தருகிறது. சிறிய ‘ஏ’ எழுத்தோடு ஓர் எல்லையைக் கொடுக்க வேண்டும். நான் 1000 மைக்ரோசெக்கன் கொடுத்தேன். தாமதம் அந்த எல்லையைத் தொட்ட கணமே கருவி நின்றுவிடும். எந்த சிபியுவில் நடந்தது, இன்டரப்ட் எவ்வளவு பிந்தியது, அதற்கு முன்னால் சிபியுவைப் பிடித்திருந்த வேலையின் பெயர் என்ன, அந்த வேலை கேர்னலுக்குள் எந்தச் செயற்கூறில் நின்றிருந்தது, மொத்தத் தாமதத்தில் யாருக்கு எத்தனை வீதம் என்று வரிவரியாக எழுதும். சிபியு தூக்கத்திலிருந்து எழும்பிய தாமதம் என்றால் அதையும் குறித்துவிடும். முழு விவரமும் ஒரு கோப்பில் சேமிக்கப்படும்.

என் கணினியில் முதலில் அகப்பட்டது வைஃபை டிரைவர். இரண்டாவது எண்தான் பெரிதாக வந்தது. சிபியுவைப் பிடித்திருந்த வேலையின் பெயர் அப்படியே எழுதப்பட்டிருந்தது. பதிவு நேரத்தில் வைஃபையை நிறுத்தினேன், பெரும்பாலான டிக் நின்றது. எல்லாம் அல்ல. மிச்சமிருந்ததுதான் எனக்கு இந்தக் கருவியின் மதிப்பைக் காட்டியது. இந்தத் தடவை பெரிதாக வந்தது முதல் எண். இன்டரப்ட் வரவே ஒரு மில்லிசெக்கனுக்கு மேல் பிந்தியிருக்கிறது, ஆனால் குற்றம் சொல்ல ஒரு வேலையின் பெயரும் இல்லை.

அப்படி வரும்போது ஓட்ட வேண்டியது ஆர்டிஎல்ஏயின் இன்னொரு பகுதியான எச்டபிள்யூநோய்ஸ். அது இன்டரப்ட்டுகளை நிறுத்திவிட்டு வெறுமனே நேரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். இயங்குதளத்துக்குள் இடையூறு செய்ய யாரும் இல்லாத நிலையிலும் நேரத்தில் ஓட்டை விழுந்தால் அது இயங்குதளத்துக்கு வெளியிலிருந்து வருகிறது. எனக்கு ஓட்டை விழுந்தது. பழைய மேசைக் கணினிகளில் இப்படி நடப்பதற்கு வழக்கமான காரணம் எஸ்எம்ஐ எனப்படும் இன்டரப்ட். மதர்போர்டிலுள்ள அடிப்படை மென்பொருளான பயோஸ், இயங்குதளத்திடம் கேட்காமலே சிபியுவைத் தன் வேலைக்கு எடுத்துக்கொள்ளும். லினக்ஸுக்கு அது நடந்ததே தெரியாது. பயோஸுக்குள் போய், யூஎஸ்பி விசைப்பலகையைப் பழைய விசைப்பலகை மாதிரிக் காட்டும் ‘லெகசி யூஎஸ்பி’ தெரிவை அணைத்தேன். எண்கள் சமதரையானது. தவில் பதிவில் டிக் போனது. அந்தத் தெரிவை அணைத்தால் சில கணினிகளில் இயங்குதளம் ஏறும்வரை விசைப்பலகை வேலை செய்யாது, அதை முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள்.

இதற்கு முன்னால் நான் தாமதத்தை அளக்கும் சைக்ளிக்டெஸ்ட் பயன்படுத்தி வந்தேன். நல்ல கருவி, பல வருடங்களாக எல்லோரும் நம்புவது. ஆனால் அது ‘மிக மோசமான தாமதம் இவ்வளவு’ என்று எண்ணைச் சொல்லிவிட்டு நின்றுவிடும். ஏன் என்று அறிய, கேர்னலுக்குள் நடப்பதைப் பதியும் எஃப்ட்ரேஸின் பதிவுகளைக் கையால் தோண்ட வேண்டும். எஃப்ட்ரேஸ் 2008-இல் ஸ்டீவன் ரோஸ்டெட்டின் வேலையாகக் கேர்னலுக்குள் வந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவருக்குப் பொக்கிஷம், என்னைப் போன்றவருக்கு ஆயிரக்கணக்கான வரிகள். அந்தத் தோண்டுகிற வேலையை மனிதருக்காகச் செய்து தர வேண்டும் என்று நினைத்தவர் டானியல் பிரிஸ்டட் டி ஒலிவேரா. பிரேசில் நாட்டவர், இத்தாலியில் இருந்து வேலை செய்தவர். இயங்குதளத்தின் இடையூறை அளக்கும் அவருடைய ஓஎஸ்நோய்ஸ், தாமதத்தை அளக்கும் டைமர்லாட் இரண்டும் 2021-இல் லினக்ஸ் 5.14-ஓடு வந்தன. அவற்றுக்கு மேல் கட்டிய ஆர்டிஎல்ஏ 2022-இல் 5.17-ஓடு வந்தது. 2024 ஜூனில், நாற்பது வயதுகூட ஆகாமல் அவர் காலமானார். லினக்ஸை நேரம் தவறாமல் ஓட வைக்க இருபது வருடங்களாக வெளியே வளர்ந்த ரியல் டைம் பகுதி, லினக்ஸ் 6.12-இல் முழுமையாகக் கேர்னலுக்குள் சேர்ந்தது அதே வருடம் நவம்பரில். அந்த வேலையில் அவருக்கும் பங்கு உண்டு, அதை அவர் பார்க்கவில்லை. நான் ஒரு தடவையும் பேசாத மனிதர். ஆனால் இந்த அறையில் எடுக்கும் ஒவ்வொரு சுத்தமான பதிவிலும் அவருடைய உழைப்பு இருக்கிறது என்று மனதார நம்புகிறேன்.

இந்தக் கருவியின் செய்தி ஒன்றில் நான் கண்டு திருத்திய எழுத்துப்பிழைக்கு இனி வருகிறேன்.

நண்பர் ஒருவரின் கணினியில் ஆர்டிஎல்ஏயை ஓட்டியபோது அது ஒரு பிழைச்செய்தியைக் காட்டிவிட்டு நின்றது. அவருடைய கேர்னலில், உள்ளே நடப்பதை அளந்து பதியும் ட்ரேசர் சேர்க்கப்படவில்லை, காரணம் அவ்வளவுதான். ஆனால் அதைக் கண்டுபிடிப்பதற்கு முன்னால், அந்தச் செய்தி மூலநிரலில் எந்த வரியிலிருந்து வருகிறது என்று பார்க்க நினைத்தேன். கோப்புகளில் சொல்லைத் தேடும் கிரெப் கட்டளையைப் போட்டேன். ஒன்றும் வரவில்லை. மூலநிரல் பதிப்பு மாறிவிட்டதோ என்று பதிப்பைப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. செய்தியின் வேறொரு பாதியைக் கொடுத்துத் தேடியபோது வரி வந்தது. நான் முதலில் தேடிய ஆங்கிலச் சொல்லில் இரண்டு எழுத்துகள் இடம் மாறிக் கிடந்தன. கண் அதைச் சரியாகவே வாசித்திருக்கிறது. விரலும் சரியான எழுத்துகளையே தட்டியிருக்கிறது. கணினிக்கு மட்டும் இரண்டும் வேறு வேறு.

எழுத்துப்பிழை திருத்துவதைச் சின்ன வேலை என்று பார்ப்பவர்கள் உண்டு. கணிதத்தில் பிழை என்றால் ஓடுவார்கள், எழுத்தில் பிழை என்றால் ‘விளங்குதுதானே’ என்பார்கள். ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் வைத்து, ஒவ்வொரு நூலையும் பரிசோதித்துப் பதிப்பித்த ஊர் இது. இங்கே நின்று ‘விளங்குதுதானே’ என்று சொல்ல எனக்கு மனம் வராது. அதுவும் தாமதத்தைத் தேடும் கருவியில். இந்தக் கருவி மனிதரிடம் பேசுவது எழுத்தால் மட்டும்தான். அதைத் திறப்பவர் ஏற்கெனவே ஏதோ ஒன்று உடைந்து, பதற்றத்தோடு வந்திருப்பார். அவர் கையிலிருக்கும் ஒரே நூல்முனை அந்த வரி. கேர்னலின் வழிகாட்டி ஆவணத்தில் ஒருகாலத்தில் சின்னத் திருத்தங்களுக்கென்று ஒரு பட்டியல் இருந்தது. கிரெப் தேடலைக் கெடுக்கக்கூடிய எழுத்துப்பிழைகள் அதில் தனியாகவே சொல்லப்பட்டிருந்தன. இதை முன்பே அனுபவித்தவர்கள் எழுதியது என்று வாசித்தவுடன் விளங்கியது.

திருத்தத்தை அனுப்பும் முறையைச் சேவை என்ற கணக்கில் மதிப்பிட்டால், நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். இரண்டு எழுத்து மாறினாலும் ஒரு டிரைவரையே எழுதினாலும் வழி ஒன்றுதான். தலைப்பு வரியில் எந்தக் கருவி என்று முன்னால் போட்டு, ‘திருத்து’ என்று ஏவலாக எழுத வேண்டும், ‘திருத்தினேன்’ என்று அல்ல. விளக்க வரிகள் 75 எழுத்து அகலத்துக்குள் நிற்க வேண்டும். கீழே ‘சைன்ட் ஆஃப் பை’ என்று உங்கள் பெயர். இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு என்று நீங்கள் கொடுக்கும் வாக்கு அது, 2004 முதல் இருக்கும் நடைமுறை. அனுப்பும் முன் செக்பேட்ச் என்ற நிரலை ஓட்ட வேண்டும். அதனிடம் வழக்கமான ஆங்கில எழுத்துப்பிழைகளின் நீளமான பட்டியல் ஒன்று கோப்பாக இருக்கிறது. ‘லெங்த்’ என்ற சொல்லின் கடைசி இரண்டு எழுத்துகளை மாற்றிப் போடுவது போன்றவை இடப்பக்கம், சரியான வடிவம் வலப்பக்கம், நடுவில் இரண்டு கோடுகள். உலகமெங்குமுள்ள, ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத எத்தனையோ பேருடைய விரல்கள் தடுமாறிய இடங்கள் அந்தக் கோப்பில் வரிசையாக நிற்கின்றன. அதை வாசிக்கவே எனக்குப் பிடித்தது.

கருவியைப் பராமரிப்பவரிடமிருந்து வந்த பதில் சுருக்கமானது. நன்றி சொல்லிவிட்டு, அதே சொல் கையேட்டுப் பக்கங்களிலும் அப்படியே கிடக்கிறதா என்று பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தார். பார்த்தேன், ஓர் இடத்தில் கிடந்தது. இரண்டையும் சேர்த்து மறுபடி அனுப்பினேன். எடுத்துக்கொண்டார்கள். இரண்டு எழுத்துதானே என்று தட்டிக் கழிக்காமல், இரண்டு எழுத்துதானே என்று பார்க்காமல் வாங்கிக்கொள்ளவும் செய்யாமல், வாசித்து யோசித்துக் கேட்ட அந்தக் கேள்வி என்னைக் கவர்ந்தது. ஒரு கேர்னல் வெளியாக ஒன்பது பத்துக் கிழமை எடுக்கும், ஆகவே திருத்தம் வெளியே வரக் காத்திருக்கத்தான் வேண்டும். ஏற்கெனவே வெளியான நிலைத்த பதிப்புகளுக்கு அது போகவே போகாது. பயனருக்குப் பலன் தராத எழுத்து மாற்றம், இடைவெளி மாற்றம் எல்லாம் அங்கே வேண்டாம் என்று விதியிலேயே எழுதியிருக்கிறார்கள். எனக்கு முதலில் வருத்தமாக இருந்தது. பிறகு யோசித்தால் சரி. பழைய பதிப்பை நம்பி மருத்துவமனை உபகரணமும் தொழிற்சாலை இயந்திரமும் ஓடிக்கொண்டிருக்கும், அங்கே தேவையில்லாமல் ஒரு வரியையும் தொடக்கூடாது.

எல்லா எழுத்தையும் திருத்தலாம் என்றும் இல்லை. ஓஎஸ்நோய்ஸ் திரையில் சிபியு எத்தனை வீதம் கிடைத்தது என்று காட்டும் நெடுவரிசையின் தலைப்பில், ‘அவெய்லபிள்’ என்பதன் சுருக்கம் ‘ஐ’ எழுத்து இல்லாமல் ‘அவல்’ என்றுதான் நிற்கிறது. எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் கண் உறுத்தும். ஆனால் அந்தத் தலைப்பைத் தேடி எண்ணை எடுக்கும் சிறு நிரல்களை எத்தனையோ பேர் எழுதி வைத்திருக்கக்கூடும், நானும் ஒன்று வைத்திருக்கிறேன். தலைப்பைத் திருத்தினால் அவையெல்லாம் சத்தமில்லாமல் வெறும் கோட்டைக் காட்டத் தொடங்கும். அதில் கை வைக்க நான் விரும்பவில்லை. மனிதர் வாசிக்கும் வரியைத் திருத்தலாம். நிரல்கள் வாசிக்கும் வரியை யோசித்துத்தான் தொட வேண்டும்.

குறைகளும் உண்டு. ரூட் எனப்படும் முழு நிர்வாக அதிகாரம் இல்லாமல் ஓடாது. பல லினக்ஸ் விநியோகங்களில் ட்ரேசர் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று கேர்னல் அமைப்புக் கோப்பில் நீங்களே பார்க்க வேண்டும். மூலநிரலிலிருந்து கட்டுவதென்றால் லிப்ட்ரேஸ்எஃப்எஸ், லிப்ட்ரேஸ்ஈவென்ட் என்ற இரண்டு நூலகங்கள் முதலில் வேண்டும். கையேட்டுப் பக்கங்கள் தெளிவானவை, ஆனால் கேர்னலின் உள்வேலை தெரிந்தவரை நினைத்து எழுதியவை. ஒலிப்பதிவுக்காரர் ஒருவர் அதைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே களைத்துவிடுவார். எச்டபிள்யூநோய்ஸ் ‘வெளியிலிருந்து வருகிறது’ என்பதோடு நின்றுவிடும், பயோஸுக்குள் எந்தத் தெரிவு என்று சொல்லாது. அதை ஒவ்வொன்றாக அணைத்துத்தான் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்தில் கரண்ட் போய் வந்து, இன்வேர்ட்டரில் ஓடும் அறையில் அது பொறுமையைச் சோதிக்கும் வேலை.

தொடங்குபவர்கள் லினக்ஸ் 6.12 அல்லது அதற்குப் பிந்திய கேர்னலை எடுங்கள். டைமர்லாட்டின் ‘டாப்’ திரையை ஆட்டோ தெரிவோடு, எல்லை 1000 என்று வைத்து, வழக்கமாகத் திறந்திருக்கும் மென்பொருள்கள் எல்லாம் திறந்திருக்க ஒரு மணித்தியாலம் ஓட விடுங்கள். ஓய்வாக இருக்கும் கணினியை அளந்து பயனில்லை. கலைஞர் உள்ளே வந்தபின் மட்டும் அதை ஓட்டாதீர்கள்: ஒவ்வொரு சிபியுவிலும் மிக உயர்ந்த முன்னுரிமையோடு மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை எழும்பும் கருவி அது, உங்கள் பதிவுக்கு அதுவே இடையூறாகிவிடும். நிறுத்திவிட்டுப் பதிவைத் தொடங்குங்கள்.